கோமதியை விட்டுவிட்டு வந்த ஊர்

கோமதி இறந்த செய்தி முரளியின் மின்னஞ்சலில்தான் வந்தது. “நம் குடும்பத்தில் ஒருவரை இழந்துவிட்டோம்” என்று தொடங்கியிருந்தார். சான் ஹோசேயில் நம் தமிழ்ச் சங்கத்தைச் சேர்ந்த எல்லோருக்கும் அது போயிருந்தது. அலுவலகத்தில் உட்கார்ந்து அதைப் படித்தபோது எனக்கு முதலில் அழுகை வரவில்லை. ‘குடும்பம்’ என்ற சொல்லையே திரும்பத் திரும்பப் படித்தேன். புற்றுநோய் என்றார்கள். நாற்பத்தாறு வயது. மருத்துவமனையில் இருந்ததே நம்மில் ஒருவருக்கும் தெரியாது. அப்படி ஒரு குடும்பம் நாம்.

கோமதி கட்டடப் பொறியாளர். நிலநடுக்கம் வந்தால் பழைய கட்டடங்கள் தாங்குமா என்று பார்த்துச் சொல்வது அவர் வேலை. நான் வீடு வாங்கியபோது, கேட்டதும் வந்தார். டார்ச்சை எடுத்துக்கொண்டு வீட்டுத் தரைக்கு அடியில் இருக்கும் தாழ்வான இடைவெளியில் தவழ்ந்து போனார். தலையெல்லாம் ஒட்டடையுடன் வெளியே வந்து, “வீடு ஸ்ட்ராங்காதான் இருக்கு சேகர். பெயிண்ட் அடிச்சவன்தான் நிறைய மறைச்சிருக்கான்” என்றார். அவர் பேச்சே அப்படித்தான். பலருக்கு அது பிடிக்காது.

ஐந்து வருடத்துக்கு முன், தொண்ணூற்றாறு கோடையில், மூன்று வேன்களில் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்குக் கிளம்பினோம். இதை வாசிக்கும் உங்களில் பாதிப் பேர் அந்த வேன்களில் இருந்தீர்கள். வழியில் யூட்டா மாநிலத்தின் ஒரு சின்ன ஊரில், முன்பு பலதார மணம் வழக்கத்தில் இருந்த மோர்மன் கிறிஸ்தவப் பிரிவினர் கட்டிய பழைய கல் கட்டடம் ஒன்றைப் பார்க்க நிறுத்தினோம். கைவண்டிகளைத் தள்ளிக்கொண்டு வந்து அங்கே குடியேறியவர்களின் வழிபாட்டு மண்டபம். வெள்ளைச் சட்டை, டை, காது கேட்கும் கருவி என்று ஒரு பெரியவர் எங்களை வரவேற்றார். அந்த மண்டபத்தைக் கட்டியவர்களில் ஒருவரின் கொள்ளுப்பேரன் அவர்.

உள்ளே நுழைந்ததுமே நம் ஆட்கள் தமிழில் ஆரம்பித்துவிட்டார்கள். “தாத்தாவுக்கு எத்தனை பொண்டாட்டின்னு கேளுய்யா.” எல்லோரும் சிரித்தார்கள். தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் பெரியவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

மண்டபத்தின் தூண்கள் பார்வைக்குப் பளிங்கு. உண்மையில் அவை மரம் என்று பெரியவர் சொன்னார். பளிங்கு வாங்க வழியில்லாதவர்கள் மரத்தில் வெள்ளை பூசி, கோழி இறகால் நரம்பு நரம்பாகக் கோடு இழுத்திருக்கிறார்கள். “கடவுளுக்கு எங்களிடம் இருந்ததில் நல்லதைக் கொடுத்தோம்” என்றார். கூரை எப்படி நிற்கிறது என்று கோமதி கேட்டார். அப்படி ஒருவர் கேட்டதில் மகிழ்ந்துபோய், அவரை மாடிப்படியில் மேலே அழைத்துப் போனார் பெரியவர்.

அவர்கள் தலை மறைந்ததும் முரளி கார்ச்சாவியை எடுத்தார். “மரமாம்ல? செக் பண்ணிடுவோம்” என்று தூணில் ஒரு சாண் நீளத்துக்கு அழுத்திக் கீறினார். வெள்ளை உதிர்ந்து மஞ்சள் மரம் தெரிந்தது. “அட, நிஜமாவே மரம்தான்யா!” மறுபடி சிரிப்பு. தஞ்சாவூர்க் கோயில் தூணில் பெயர் கிறுக்குகிறவர்களைப் பற்றிச் சங்கத்தில் ஆவேசமாகப் பேசியவர் இதே முரளி. அதற்குக் கைதட்டியவர்கள் நாம்.

கோமதியுடன் இறங்கி வந்த பெரியவர் அதைப் பார்த்தார். கோபப்படவில்லை. கட்டைவிரலால் அந்தக் கீறலைத் தடவினார். பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்து, “யார் செய்தது என்று பார்த்தீர்களா?” என்று கேட்டார். கவனிக்கவில்லை என்றேன். முன்பே இருந்திருக்கும் என்று இன்னொருவர் ஆங்கிலத்தில் அளந்துவிட்டார்.

கோமதி தரையில் கிடந்த வெள்ளைத் துகளைப் பார்த்தார். முரளியின் கையைப் பார்த்தார். “இது இப்போதுதான் நடந்தது. அவர் கையில் இருக்கும் சாவியில் பெயிண்ட் ஒட்டியிருக்கிறது” என்று பெரியவரிடம் தெளிவாகச் சொன்னார்.

“என்ன கோமதி, நம்ம ஆளையே காட்டிக் குடுக்கறீங்களா?” என்றார் முரளி.

“ஸாரி சொல்லிட்டு வாங்க. அதுவரைக்கும் நான் வரல.”

யாரும் சொல்லவில்லை. ஹோட்டல் புக் பண்ணியிருக்கிறது, லேட் ஆகிறது என்றார்கள். வேன்கள் கிளம்பின. கோமதி குனிந்து, உதிர்ந்த துகள்களை ஒரு கவரில் சேகரித்துக்கொண்டிருந்ததை வேன் ஜன்னலிலிருந்து, மண்டபத்தின் திறந்த கதவு வழியாகப் பார்த்தேன். முன்பின் தெரியாத ஊரில் தனியாக ஒரு பெண்ணை விட்டுவிட்டு வந்தோம். “நிறுத்துங்க” என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அன்று அவரைத் தங்கவைத்து, மறுநாள் பஸ் ஏற்றி அனுப்பியது பெரியவரின் மனைவி.

அதன் பிறகு எந்தப் பொங்கலுக்கும் நாம் அவரைக் கூப்பிடவில்லை. “அட்ஜஸ்ட் பண்ணிக்கத் தெரியாதவ” என்று ஒரு பெயர் வைத்தோம். போன ஞாயிறு நடந்த அஞ்சலிக் கூட்டத்தில் முரளி கண்ணைத் துடைத்துக்கொண்டு, “நேர்மைக்கு இன்னொரு பெயர் கோமதி” என்றார். முன்வரிசையில் உட்கார்ந்து நானும் தலையாட்டினேன். முரளியைவிட என்னைப் பார்த்தால்தான் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

அந்தப் பயணம் முடிந்து சில வாரங்கள் கழித்து அவருக்கு ஃபோன் செய்தேன். “நாம எல்லாருமே அன்னிக்குத் தப்புப் பண்ணிட்டோம்” என்றேன்.

“‘நாம’ வேண்டாம் சேகர். அதுக்குள்ள எல்லாரும் ஒளிஞ்சுக்கலாம். ‘நான்’னு ஆரம்பிச்சு சொல்லிப் பாருங்க.”

நான் பேச்சை மாற்றினேன். அவர் வற்புறுத்தவில்லை. வீட்டில் எல்லோரையும் விசாரித்துவிட்டு ஃபோனை வைத்தார்.

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது ‘நான்’ என்ற அந்த ஒரு சொல்தான். அதையும் ஐந்து வருடம் தொடாமல் வைத்திருந்தேன். நேற்று அந்த ஊருக்கு ஒரு கடிதம் அனுப்பினேன். பெரியவர் இப்போது இருக்கிறாரோ, இல்லையோ. கடிதத்தில் இரண்டே வரிகள். நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று உங்களிடம் பொய் சொன்னேன்.