பன்புல் பிடுங்கிய சிரமதானம்

ஊர் கூடி உழைக்கும் சிரமதானம் என்றால் எனக்குக் கொஞ்சம் பயம். அரச சேவையில் இருந்த காலம் முழுக்க அதற்குச் சுற்றறிக்கை எழுதியிருக்கிறேன், தேநீருக்கு ஒதுக்கீடு வாங்கியிருக்கிறேன், மண்வெட்டியோடு படத்துக்கும் நின்றிருக்கிறேன். ஆனால் ஒரு சிரமதானம் ஓர் ஓடையையே கெடுத்துவிடும் என்பதைப் போன வாரம்தான் கண்டேன்.

கடுகண்ணாவைக்கு மேலே, தோட்டத்தை ஒட்டி ஒரு சின்னக் குடியிருப்பு. நான் வேலை செய்த கந்தோரைப் பல வருடம் கூட்டித் துடைத்த புஷ்பராணி அங்கேதான் இருக்கிறார். அவர் மகளுக்கு ஆண் குழந்தை பிறந்திருக்கிறது... பார்க்கப் போனேன்.

"வாங்க சேர். நாத்தத்தப் பாக்காதீங்க, உள்ள வாங்க."

பார்க்காமல் இருக்கலாம். மூச்சு விடாமல் இருக்க முடியுமா?

அவருடையது சரிவின் அடியில் உள்ள கடைசி வீடு. மேலே இருக்கும் வீடுகளின் சமையலறை, குளியலறை, கக்கூஸ் தண்ணீர் எல்லாம் குழாய் வழியே ஒரு தொட்டிக்கு வரும். கசடு அடியில் தங்கும். மிஞ்சிய தண்ணீர், சல்லிக்கல் நிரப்பிய படுக்கை ஒன்றுக்குள் மெல்ல ஊறிப் போகும். அதன்மேல் ஆளுயரத்துக்குப் பன்புல். அந்தப் புல்லின் வேர்தான் சுத்திகரிப்பு இயந்திரம் — மோட்டார் வேண்டாம், மின்சாரம் வேண்டாம். அதற்குப் பிறகுதான் ஓடை. புஷ்பராணி குளிப்பதும் துவைப்பதும் அந்த ஓடைத் தண்ணீரில்தான்.

எட்டிப் பார்த்தேன். புல் இல்லை. ஒன்றுகூட இல்லை. வெறும் கல்.

குடியிருப்புச் சங்கத் தலைவர் முத்துலிங்கம் என்னைக் கண்டு வந்தார்.

"புல்லெல்லாம் எங்க தலைவரே?"

"பெரிய சேர்மாருங்க பாக்க வர்றாங்கன்னாங்க. காடா கெடந்துச்சு. ஊரே எறங்கி வேரோட புடுங்கிட்டோம்ல!"

குரலில் பெருமை.

"வந்தாங்களா?"

"வந்தாங்க சேர். வேன்ல இருந்தபடியே கண்ணாடிய எறக்கி, 'ஹரி லஸ்ஸனய்'னு சொல்லிட்டுப் போனாங்க."

மிக அழகாம்!

"வேன்ல இருந்து பாத்தா லஸ்ஸனதான் அண்ணே," என்றார் புஷ்பராணி. "எறங்கி வந்து எங்க ஊட்டுல ஒரு வாய் சோறு தின்னிருக்கணும்."

முத்துலிங்கத்தைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இந்தத் தொட்டியும் படுக்கையும் கட்டி முடித்த திறப்பு விழாவில் நாடா வெட்டினார்கள், விளக்கேற்றினார்கள், நீளமாகப் பேசினார்கள். வேலை செய்வது புல்தான் என்று யாராவது சொன்னார்களா? மேலிடத்து ஆள் வருகிறார் என்றால் பற்றையை வெட்டு என்றுதானே நாங்கள் இந்த ஊர்களைப் பழக்கி வைத்திருக்கிறோம்?

உள்ளே குழந்தை அழுதது. புஷ்பராணி குரலைத் தாழ்த்தினார்.

"வெள்ளிக்கெழம தீட்டுக் கழிச்சு பேரு வைக்கணும் சேர். ஊடு பூரா கழுவணும், தாயும் புள்ளயும் தலைக்கு ஊத்தணும். இந்தத் தண்ணியிலயா?"

"குடிக்கிற தண்ணி?"

"மேல இருந்து ஒரு பைப்பு சொட்டுது. அது குடிக்கவே காணாது. சம்பந்தி ஊட்டுல செய்யலாம்னு மருமகன் சொல்றாரு. மொதப் புள்ள சேர்... தாய் ஊட்டுல செய்யாட்டி எனக்கு என்னா மரியாத?"

முத்துலிங்கத்தின் முகத்தில் இப்போது பெருமை இல்லை. "திரும்ப நட்டா சரி வருமா சேர்?"

"வரும். வேர் பிடிச்சுப் பரவ மாசக் கணக்காகும்."

"அதுவரைக்கும் பேரு இல்லாம கெடக்குமா எம் பேரன்?" என்றார் புஷ்பராணி.

முறைகள் எனக்கு அத்துப்படி. பிரதேச சபைக்குக் கடிதம், சுகாதாரப் பகுதிக்குப் பிரதி, தள ஆய்வு, மதிப்பீடு, அங்கீகாரம் — அங்கேயே கதிரையை இழுத்துப் போட்டு எழுதிக் கொடுத்தேன். ஓர் எழுத்தில்கூடக் குற்றம் காண முடியாத கடிதம். பதில் எப்போது வரும் என்பதும் எனக்குத் தெரியும்... பிள்ளை பள்ளிக்கூடம் போவதற்குள் வரலாம். முத்துலிங்கம் மட்டும் எதற்கும் காத்திராமல், பன்புல் நாற்று தேடி வயற்பக்கம் இறங்கிவிட்டார்.

சனிக்கிழமை புஷ்பராணி எனக்குப் போன் எடுத்தார். கட்டுகஸ்தோட்டையில், சம்பந்தி வீட்டில் எல்லாம் முடிந்ததாம்.

"நல்லா செஞ்சாங்க சேர். பைப்ப தொறந்தா தண்ணி கொட்டுது. நான் விருந்தாளி மாதிரி போய்ட்டு வந்தேன்."

பேரனுக்கு என்ன பெயர் என்று கேட்டேன்.

"அவங்க ஒரு பேரு வச்சிருக்காங்க சேர்."