இருபத்தாறாவது ரவுண்டு

சென்ற ஞாயிறு காலை ஆரோக்கியம் அண்ணனின் மகள் கீழ்க்கட்டளையிலிருந்து போன் செய்தாள். "அப்பா போயிட்டாரு சித்தப்பா" என்றாள். மறைமலை நகர் தொழிற்சாலையில் எங்களோடு லேத் ஓட்டியவர்கள் இதைப் படிப்பீர்கள். உங்களிடம் ஒன்றை இனியும் மறைக்க எனக்கு மனமில்லை.

எண்பதுகளில், ஷிப்ட் முடிந்ததும் அண்ணன் டிபன் பாக்ஸை என் கையில் திணித்துவிட்டு, ஜிஎஸ்டி ரோட்டில் தாம்பரம் வரை ஓடியே வீட்டுக்குப் போவார். கம்பெனி பஸ் அவரைத் தாண்டும்போது, பஸ் பாஸ் தொலைந்துவிட்டதா என்று கத்துவோம். திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

முப்பத்தெட்டு வயதில், மாவட்ட அணிக்கான பத்தாயிரம் மீட்டர் தேர்வு ஓட்டம். இருபத்தைந்து ரவுண்டு, முதல் இருவருக்குத்தான் இடம். அவருடைய ரவுண்டுகளைக் குறிக்கும் வேலையை நானே கேட்டு வாங்கினேன். நடுவில் அவர் ஒருவனை முந்தியபோது பென்சிலைப் போட்டுவிட்டுக் கை தட்டினேன். அந்த ரவுண்டுக்குக் கோடு போட மறந்துபோனேன்.

இரண்டாவதாக அவர் ஓடி முடித்தபோது என் தாளில் இருபத்துநான்குதான் இருந்தது. இன்னும் ஒன்று பாக்கி என்று கத்தினேன். ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு ஓடினார். நான்காவது இடம் என்று எழுதினார்கள். கோடுகளுக்குப் பக்கத்தில் நான் எழுதியிருந்த நேரங்களில், ஒரு ரவுண்டுக்கு மட்டும் இரு மடங்கு ஆகியிருந்ததைப் பிறகுதான் கண்டேன்; கோடு விட்டுப்போன இடம் அதுதான். அதிகாரிகளிடம் போய் மன்றாடினேன். முடிவை அறிவித்தாகிவிட்டது என்றார்கள்.

ஏன் நிற்கவில்லை என்று தரையில் உட்கார்ந்து அவரிடம் அழுதேன். "நின்னு சண்ட போட்டு, உன் கணக்கு கரீட்டா இருந்தா? நானே பாதில வுட்டுட்டு வந்த மாதிரி ஆயிடும். அடுத்த வருசம் கீது, எழுந்திரு" என்றார்.

உங்களிடம் கால் பிடித்துக்கொண்டது என்றுதான் சொன்னார். வயதாகிவிட்டது என்று நீங்கள் ஒரு வருடம் செய்த கேலியையும் வாங்கிக்கொண்டார். ஓட்டத்தை மட்டும் ஒரு நாளும் நிறுத்தவில்லை.

மறு வருடம் எண்ணுவதற்கு என்னையே கேட்டார். வேண்டவே வேண்டாம் என்றேன். "நீதான் எண்ணணும். ஒரு தபா தப்பு பண்ணவன் மறுதபா கண்ண எடுக்க மாட்டான்" என்றார். முப்பத்தொன்பது வயதில் இரண்டாவதாக வந்து அணியில் சேர்ந்தார்.

அந்தத் தாள் என்னிடம்தான் இருக்கிறது. இருபத்தைந்து கோடுகள், ஒன்றும் விடுபடவில்லை. மறுபடி தவறிவிடுமோ என்ற பயத்தில் அன்று நான் கை தட்டவே இல்லை. கல்லறையில் எல்லோரும் மண் போட்டுவிட்டு நகர்ந்த பிறகு, தனியாக நின்று தட்டினேன்.