தண்ணீர் குடித்துவிட்டுப் படகேறிய ஸ்டெல்லா

பெரியவர்களுக்கான டயப்பர் ஒரு பாக்கெட் — என்று மெடிக்கல் ஷாப்பில் கேட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. கடைக்காரர் காதை முன்னால் கொண்டுவந்தார். மறுபடி சொன்னேன். யாருக்கு, ஆள் ஒல்லியா குண்டா என்று விசாரித்தார். மாமியாருக்கு என்றேன். கிட்டத்தட்ட என் உடம்புதான் என்றும் சேர்த்துக்கொண்டேன்.

எனக்கு அடுத்து நின்ற பெண், "எனக்கும் அதேதாண்ணே, எங்க மாமியாருக்கு" என்றார்.

இரண்டு மாதம் முன்பு ராமநாதபுரத்தில் நடந்தது இது. நியூஸ் பேப்பரில் சுற்றி, கறுப்பு கேரிபேக்கில் போட்டு, ஏதோ கடத்தல் சரக்கைப் போல இருவரிடமும் நீட்டினார் கடைக்காரர். வெயிலுக்குப் பக்கத்து ஜூஸ் கடையில் ஒதுங்கினோம். அந்தப் பெண்ணுக்கு என்னை அடையாளம் தெரிந்திருந்தது. அவர் மகள் என்னிடம் பிளஸ் டூ படித்தவளாம். சும்மா இருக்க முடியாமல், உங்கள் மாமியாருக்கு எவ்வளவு நாளாக இப்படி என்று கேட்டு வைத்தேன்.

அவர் ஜூஸ் டம்ளரைக் கீழே வைத்தார். "அவங்க செத்து ரொம்ப வருசமாச்சு டீச்சர்" என்றார்.

என் மாமியாரும் போய்ச் சேர்ந்துவிட்டார் என்றேன்.

இரண்டு பேருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது... இரண்டு பேரும் சட்டென்று நிறுத்திக்கொண்டோம். சிரித்தால் ஆபத்து என்றுதானே அந்தப் பொட்டலத்தையே வாங்கியிருக்கிறோம்?

அவர் பெயர் ஸ்டெல்லா. ஊர் தங்கச்சிமடம். கருவாட்டு வியாபாரம். நாலு பிள்ளை பெற்ற உடம்பு, கூடை தூக்கித் தூக்கி அடி இறங்கிவிட்டது, அதாவது கர்ப்பப்பை; மூத்திரம் அடங்குவதில்லை. எனக்கு அந்த அளவுக்கு இல்லை. தும்மினால், இருமினால், பஸ் குழியில் விழுந்து எழுந்தால் சொட்டும். அவ்வளவுதான் என்று சொல்லிக்கொள்வேன். அவ்வளவுதான் என்றால் ஏன் எந்தக் கல்யாண வீட்டிலும் பாத்ரூம் எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டே நாற்காலி தேடுகிறேன்?

ஸ்டெல்லாவின் கவலை வேறு. அவருக்கு ஒரே அக்கா, மரியபுஷ்பம். மண்டபம் அகதி முகாமில் இருந்த இலங்கைக்காரரைக் கட்டிக்கொண்டு, அங்கே சண்டை ஓய்ந்ததும் அவரோடு மன்னார்ப் பக்கம் போய்விட்டார். பாஸ்போர்ட், விமானம் எல்லாம் இவர்களுக்குக் கட்டுப்படியாகாத விஷயம். மாசியில் வருகிற கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாதான் வழி. இங்கிருந்து தங்கை, அங்கிருந்து அக்கா. ஒரு ராத்திரி, ஒரு காலை. கட்டிப்பிடித்து அழுது, சேலையும் சோப்பும் மாற்றிக்கொண்டு, பூசை முடிந்ததும் ஆளுக்கொரு திசையில் படகேற வேண்டியது. வருடத்துக்கு அதுதான் அவர்களுக்கு மொத்த உறவும்.

அந்த உறவுக்கு நடுவில்தான் இது வந்து உட்கார்ந்துகொண்டது. விசைப்படகில் மணிக்கணக்காகப் போக வேண்டும். பெண்களுக்கு மறைவென்று எதுவும் கிடையாது. சுற்றிலும் ஆண்கள். ஒரு வருடம், கிளம்புவதற்கு முந்தின நாள் மத்தியானத்திலிருந்தே தண்ணீர் குடிக்காமல் படகேறியிருக்கிறார். நடுக்கடலில் படகு ஒரு குலுக்குக் குலுக்கியது. அவ்வளவுதான், சேலை நனைந்துவிட்டது. என்ன செய்தார் தெரியுமா? மெதுவாக நகர்ந்து, தண்ணீர் தெறிக்கிற விளிம்பில் போய் உட்கார்ந்துகொண்டார். அலை வந்து தலையோடு நனைத்தது. அடடா, இந்தப் பக்கம் வாம்மா என்று எல்லோரும் பரிதாபப்பட்டார்கள்.

அதற்குப் பிறகு மூன்று திருவிழாவுக்கு அவர் போகவில்லை. அக்காவிடம் முட்டிவலி என்று சொல்லிவிட்டார். வீடியோ காலில் முட்டி தெரியாதே. கடைசியாகப் பேசும்போது அக்கா ஒன்று சொன்னாராம். அதை ஸ்டெல்லா அப்படியே என்னிடம் திருப்பிச் சொன்னார். "'இந்த வருசமும் நீ வரலைன்னா, ஒனக்கு அக்கா வேண்டாம்னு எடுத்துக்கிறேன்'னுட்டா டீச்சர். நான் என்னன்னு சொல்றது அவகிட்ட?"

டயப்பர் போட்டுக்கொண்டு போகலாம் என்று நினைத்துத்தான் அன்றைக்குக் கடைக்கு வந்திருக்கிறார். ஆனால் மாசி வெயில், முழு நாள், மாற்றுவதற்கு இடம் எங்கே?

வீட்டுக்கு வந்து என் போனில் தேடினேன். கடவுளே, எவ்வளவு பெரிய சந்தை. கரண்ட் கொடுக்கிற மெஷின், உட்கார்ந்தால் தசை இறுகுகிற நாற்காலி, காந்த பெல்ட், போனோடு பேசுகிற ஏதோ ஒரு கருவி... எல்லாப் படத்திலும் வெள்ளைக்காரப் பெண்கள் டென்னிஸ் ஆடிக்கொண்டிருந்தார்கள். கருவாட்டுக் கூடை தூக்குகிற ஒருத்தியையும் காணோம். ஒரு வாரத்துக்கு என் போனைத் திறந்தாலே இந்த விளம்பரம்தான். மகனிடம் போனைக் கொடுக்கவே பயந்தேன். சபலம் விடாமல் ஒரு குஷன் வாங்கினேன். அதில் இப்போது எங்கள் வீட்டுப் பூனை தூங்குகிறது.

பிறகுதான் புத்தி வந்தது. ஸ்டெல்லாவை இழுத்துக்கொண்டு ஒரு லேடி டாக்டரிடம் போனேன். உள்ளே போய் உட்கார்ந்ததும் ஸ்டெல்லா முட்டிவலி என்று ஆரம்பித்தார். நான், எனக்குக் கொஞ்சம் தலைசுற்றல் என்றேன். டாக்டர் இரண்டையும் பொறுமையாகக் கேட்டார். அப்புறம் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "சரி, கதவுகிட்ட போய் நின்னுக்கிட்டுச் சொல்லப்போறதை இப்பவே உக்காந்து சொல்லுங்க" என்றார். பெண்கள் எல்லோரும் அப்படித்தானாம். எழுந்து கதவைப் பிடித்துக்கொண்டுதான் வந்த விஷயத்தைச் சொல்வார்களாம்.

சொன்னோம். சொல்ல ஆரம்பித்ததும் நிற்கவில்லை.

பரிசோதித்துவிட்டு, எனக்குத் தினமும் செய்ய ஒரு தசைப் பயிற்சி சொல்லிக்கொடுத்தார். ஸ்டெல்லாவுக்கு ஒரு வளையம். சிலிக்கானில் செய்தது, மடித்தால் மடிகிறது. உள்ளே வைத்தால் இறங்கினதைத் தாங்கிக்கொள்ளும், ஒழுக்கும் கட்டுப்படும் என்றார். ஆபரேஷன் இல்லை. டாக்டர் சொல்கிற கணக்கில் கழற்றிக் கழுவ வேண்டும், அவ்வப்போது வந்து காட்ட வேண்டும், அவ்வளவுதான். ஆளுக்கு ஆள் அளவு மாறும். "வளையல் கடை மாதிரில்ல இருக்கு" என்றார் ஸ்டெல்லா, ட்ரேயைப் பார்த்து.

வைத்துவிட்டு, வராந்தாவில் நடந்து, நன்றாக இருமிப் பார்த்துவிட்டு வரச்சொன்னார் டாக்டர். ஸ்டெல்லா அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் இருமிக்கொண்டே நடந்தார். பெஞ்சில் இருந்தவர்கள் முகத்தை மூடிக்கொண்டு தள்ளி உட்கார்ந்தார்கள்.

முதல் வளையம் சரிப்படவில்லை. வீட்டில் கூடை தூக்கியதும் நழுவிவிட்டது. ஸ்டெல்லா போனில் அழுதார். அந்தோணியாருக்கே என்னைப் பார்க்கப் பிடிக்கவில்லை போல என்றார். அடுத்த அளவு டாக்டரிடம் கைவசம் இல்லை. நான் அதே மெடிக்கல் ஷாப்புக்குப் போய், இந்த முறை எனக்கே கேட்கிற குரலில் கேட்டேன். கடைக்காரர், "அது மூவிங் இல்ல மேடம், அதான் வைக்கிறதில்ல" என்றார். யோசித்துப் பாருங்கள். யாராவது கேட்டால்தான் சரக்கு நகரும். இப்படி ஒன்று இருக்கிறதென்று தெரிந்தால்தான் கேட்பார்கள். ஒருத்தி வாயைத் திறந்தால்தான் இன்னொருத்திக்குத் தெரியும். நாமோ மாமியாரைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறவர்கள்! மதுரையிலிருந்து வரவழைத்துத் தருவதாக டாக்டர் சொன்னார். திருவிழாவுக்குச் சில நாள் இருக்கும்போது பார்சல் வந்தது. அது பொருந்தியது.

துணைக்கு நானும் வர வேண்டும் என்று ஸ்டெல்லா பிடிவாதம் பிடித்தார். பெயர் கொடுத்து, சோதனையெல்லாம் முடிந்து, போன வாரம் ராமேஸ்வரத்தில் படகேறினோம். லைஃப் ஜாக்கெட் கயிற்றை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தது நான்தான். கரை மறைந்தது. படகு தூக்கிப் போட ஆரம்பித்தது. நான் ஸ்டெல்லாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பெரிய குலுக்கல். அவர் கண்ணை மூடினார். திறந்தார். பையிலிருந்து வாட்டர் பாட்டிலை எடுத்து, மூடியைத் திருகி, மடக் மடக்கென்று குடித்தார். பாதி பாட்டில் காலி. வாயைத் துடைத்துக்கொண்டு என்னிடம் நீட்டினார்.

நானும் குடித்தேன். அழுகை வந்துவிட்டது எனக்கு. தாகத்துக்குத் தண்ணீர் குடிப்பதில் இவ்வளவு சந்தோஷம் இருக்கிறதா? அந்த வளையத்தை முதலில் யோசித்த மகராசி — மகராசனாகவும் இருக்கலாம் — யாரென்று எனக்குத் தெரியாது. உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒரு கும்பிடு போட்டேன். பேனாவைக் கீழே வைத்த டாக்டருக்கு இன்னொன்று.

தீவில் மரியபுஷ்பம் காத்துக்கொண்டிருந்தார். கட்டிப்பிடிக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, "முட்டி நல்லாயிருச்சோ?" என்றார் விறைப்பாக.

"முட்டிக்கு ஒண்ணுமே இல்லக்கா" என்றார் ஸ்டெல்லா.

இருவரும் ஒரு மர நிழலுக்குப் போனார்கள். நான் தள்ளி உட்கார்ந்திருந்தேன். ஸ்டெல்லா தலையைக் குனிந்துகொண்டு பேசுவது தெரிந்தது. அக்கா கட்டியிருந்த கையை அவிழ்த்தார். அப்புறம் தங்கையின் தலையை இழுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டார். இதை ஏண்டி என்கிட்ட மறைச்ச என்று அன்று முழுக்கத் திட்டிக்கொண்டே இருந்தார். திட்டிக்கொண்டே ஊட்டியும் விட்டார். கோபமெல்லாம் தீர்ந்தது என்று நான் நிம்மதியாகக் கோயிலைச் சுற்றிப் பார்த்தேன்.

மறுநாள் பூசை முடிந்து எங்கள் படகு கிளம்பிவிட்டது. கரையில் நின்று கையாட்டிக்கொண்டிருந்த மரியபுஷ்பம் திடீரென்று நாலு எட்டு ஓடி வந்தார். "அடியே, அதுக்குப் பேரு என்னடி?" என்று கத்தினார்.

அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. அவருக்கும் அதே கஷ்டம்தான். எத்தனை வருடமாகத் தண்ணீர் குடிக்காமல் அவர் அந்தப் பக்கமிருந்து படகேறி வந்தாரோ?

ஸ்டெல்லா எழுந்து நின்றார். படகு நிறைய ஆண்கள். கரையில் நேவிக்காரர்கள். இரண்டு கையையும் வாய்ப்பக்கம் குவித்துக்கொண்டார். "ரிங்குக்கா. மூத்திரம் அடக்க முடியாததுக்கு, அடி இறக்கத்துக்கு வைக்கிறது. அங்கன டாக்டரம்மாகிட்ட போ. அளவு பாத்து வைக்கச் சொல்லு. கூச்சப்படாத."

அக்கா கையைத் தூக்கிக் காட்டினார், கேட்டுவிட்டது என்று.

படகில் இன்ஜின் சத்தம்தான். ஸ்டெல்லா உட்கார்ந்து, முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து ஒரு பெண் நகர்ந்து வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு இன்னொருவர். ராமேஸ்வரம் வரும்வரை அந்த மூலையில் குசுகுசுப்பு ஓயவில்லை. இத்தனை பெரிய சந்தையில், இத்தனை விளம்பரத்தில் நடக்காதது அது.

கரையில் எல்லோரும் இறங்கும்வரை படகு டிரைவர் காத்திருந்தார். ஐம்பது தாண்டிய, முரட்டு மீசைக்காரர். ஸ்டெல்லாவிடம் வந்து தரையைப் பார்த்துக்கொண்டு, "தங்கச்சி, அந்த டாக்டரம்மா எங்கன இருக்காங்க?" என்றார்.

"எங்க வீட்டுல அவ கோயிலுக்கு வாரதையே நிப்பாட்டிட்டா. பூசைக்கு நடுவுல எந்திரிச்சு எந்திரிச்சுப் போனவதான்... நான் மாதா மேல ஏதோ கோவம்னு நினைச்சு, தெனம் அவகூடச் சண்டை போட்டுக்கிட்டிருக்கேன்."

ஸ்டெல்லா வழி சொன்னார். எந்த பஸ், எங்கே இறங்குவது, உள்ளே போனதும் எந்த வார்த்தையைச் சொல்ல வேண்டும் என்பது வரை. குரலைத் தணிக்கவே இல்லை. சுற்றிலும் பார்த்துக் கூசி நின்றது நான் ஒருத்திதான் — அந்தக் கூச்சத்தையும் இதோ, உங்கள் முன்னால் இறக்கி வைத்துவிட்டேன்.