வெள்ளிக்கிழமை நத்தைகள்

எங்கள் காலனித் தோட்டத்தைப் பார்த்துவிட்டு யாராவது, "எல்லாரும் ஒண்ணா சேர்ந்து எவ்வளவு அழகா செய்றீங்க" என்று சொன்னால் எனக்கு எரிச்சல்தான் வரும். நாங்கள் ஒன்றாகச் சேர்ந்து, ஒரே குரலில் செய்த காரியம் ஒன்றே ஒன்றுதான். ஒருத்தியை வெளியே அனுப்பினோம். அதில் முன்னால் நின்றவள் நான்.

போர்ட் பிளேர் குட்வில் எஸ்டேட்டில் எங்கள் வரிசை வீடுகள் முடிகிற இடத்தில் ஒரு சரிவு உண்டு. பல வருஷமாகக் குப்பை கொட்டி, புதர் மண்டிக் கிடந்தது. ஒரு மழைக்காலத்தில் மெயின்லேண்டிலிருந்து காய்கறி கொண்டுவரும் கப்பல் நாள் கணக்கில் வரவில்லை. கடையில் வாடிப்போன கத்தரிக்காயைக்கூட எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்துவிட்டு வந்தோம். அப்போதுதான் எங்கள் வரிசையில் இருக்கும் ரிட்டையரான பெங்காலிக்காரர், அண்ணன் என்ற அர்த்தத்தில் நாங்கள் தாதா என்று கூப்பிடுகிறவர், வீடு வீடாக ஏறி இறங்கி, நாமே பயிர் பண்ணலாம் என்று இந்தியில் பேசிப் பேசி எங்களைச் சம்மதிக்க வைத்தார். ஏழு வீடு சேர்ந்தது. வீட்டுக்கு ஒரு பாத்தி, வீட்டுக்கு ஒரு நாள் முறை. அன்றைக்குத் தோட்டம் முழுவதற்கும் தண்ணீர் ஊற்றுவதும், இருட்டுகிற நேரத்தில் நத்தை பொறுக்குவதும் அந்த வீட்டுப் பொறுப்பு.

நத்தை என்றால் சின்னதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். இங்கே இருப்பது உள்ளங்கை நீளத்துக்கு இருக்கும். யுத்த சமயத்தில் ஜப்பான்காரன் கொண்டுவந்து விட்டது என்று இங்கே எல்லாரும் சொல்வார்கள். அவன் போய்விட்டான், இது போகவில்லை. மழைக்காலத்தில் ஒரே ராத்திரியில் ஒரு பாத்தியை மொட்டையாக்கிவிடும். பொறுக்கி, உப்பு கரைத்த பக்கெட்டில் போட வேண்டும். அது முதல் விதி. மூன்று தடவை முறையை ஒழுங்காகச் செய்யாதவர்களின் பாத்தி போய்விடும். அது இரண்டாவது விதி. இரண்டையும் டைப் அடித்து, யார் யாருக்கு என்ன கிழமை என்ற லிஸ்டோடு லேமினேட் செய்து, கேட்டில் கட்டித் தொங்கவிட்டவள் நான். ஆபீசில் இருபது வருஷமாக சர்க்குலர் அடிக்கிறவளுக்கு இதெல்லாம் ஒரு வேலையா.

ஏழாவது வீடு எங்கள் வரிசையில் இல்லை. தோட்டத்தின் பின்பக்கம் ஆள் உயரத்துக்கு ஒரு சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் தகரக் கூரை போட்ட ஒரு வீடு. நாங்கள் வெளியே அனுப்பியவள் அங்கேதான் இருந்தாள். அவளுடைய அப்பா அம்மா சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து, கச்சால் தீவில் ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டவர்கள். சுனாமிக்குப் பிறகு இவள் போர்ட் பிளேருக்கு வந்து, ஏதோ ஒரு டிபார்ட்மென்டில் தினக்கூலி மஸ்தூராக வேலை செய்துகொண்டிருந்தாள். நாங்கள் எல்லாம் மீட்டிங் போட்டுப் பேசிக்கொண்டிருந்த மூன்று ஞாயிற்றுக்கிழமையும் அவள்தான் தனியாக அந்தப் புதரை வெட்டிச் சுத்தம் செய்தாள். அதைப் பார்த்துத்தான் தாதா அவளுக்கும் ஒரு பாத்தி கொடுத்தார்.

எனக்கு அது பிடிக்கவில்லை. இதைச் சுற்றி வளைத்துச் சொல்லிப் பயனில்லை. என் அப்பா ராமநாதபுரத்திலிருந்து சர்க்கார் வேலைக்கு வந்தவர். எங்கள் வீட்டில் 'சிலோன்காரங்க' என்று சொல்லும்போது எல்லாருக்கும் குரல் கொஞ்சம் இறங்கும். ஏன் இறங்குகிறது என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. என் குரலும் இறங்கப் பழகிவிட்டது. அவள் என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் சின்னவள். நான் அவளை முதல் நாளிலிருந்தே 'நீ' என்றுதான் கூப்பிட்டேன். அவள் என்னை 'அக்கா' என்றாள்.

போதாக்குறைக்கு அவள் பாத்தி நன்றாக வந்தது. என் தண்டுக்கீரை மஞ்சளடித்து நின்றபோது அவள் கத்தரி கருகருவென்று இலை விட்டது. ஒரு நாள் என் பாத்தி ஓரம் குனிந்து மண்ணைக் கிள்ளிப் பார்த்துவிட்டு, "அக்கா, சாணியை மக்க விடாம பச்சையாவே போட்டுட்டீங்க. வேரு வெந்துபோச்சு" என்றாள். சொன்னது சரிதான். ஆனால் தாதாவும் இன்னும் இரண்டு பேரும் பக்கத்தில் நின்றார்கள். சிரித்து வைத்தேன். வீட்டுக்குப் போய் என் கணவரிடம் அரை மணி நேரம் பொரிந்து தள்ளினேன்.

என் முறை வெள்ளிக்கிழமை. லிஸ்ட் போட்டவள் நானாக இருந்தும் இந்த நாளை எப்படி எடுத்துக்கொண்டேன் என்று இன்றைக்கும் என்னையே திட்டிக்கொள்கிறேன். இங்கே ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடும். ஆபீஸ் விட்டு ஓடிவந்து, குளித்து, விளக்கேற்றுவதற்குள் பொழுது போய்விடும். அதற்கு முன்னால் போகலாம் என்றால் நத்தை வெளியே வராது. வெள்ளிக்கிழமை விளக்கேற்றிய பிறகு எங்கள் வீட்டில் உப்பு வாசலைத் தாண்டக் கூடாது. உப்பு லட்சுமி. பக்கத்து வீட்டில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தாலும் அம்மா ஒரு சிட்டிகை கொடுக்க மாட்டாள், விடிந்ததும் வாங்கிக்கொள்ளச் சொல்லி அனுப்பிவிடுவாள். அப்படி வளர்ந்த நான், விளக்கு எரிகிற வீட்டிலிருந்து இரண்டு கை உப்பை அள்ளிக்கொண்டு போய், உயிரைக் கொல்வதற்கா போடுவேன்?

முதல் வெள்ளிக்கிழமை காலி பக்கெட்டோடு போனேன். நத்தையைப் பொறுக்கினேன். நிரம்பியதும் பின்பக்கச் சுவருக்கு மேலே தூக்கி அந்தப் பக்கம் கவிழ்த்தேன். கேட்டில் லிஸ்டில் என் பெயருக்கு நேரே டிக் போட்டேன். அடுத்த வெள்ளியும் அப்படித்தான். அதற்கடுத்த வெள்ளியும். அந்தப் பக்கம் வெறும் புதர்தானே என்று நினைத்துச் செய்தேன் என்று ஒரு காலத்தில் சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். தகரக் கூரை கண்ணுக்கு நேரே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் எல்லாரும் தோட்டத்தில் கூடுவோம். வாராவாரம் பாத்திகள் கடிபட்டுக் கிடந்தன. முந்தின நாள், அதாவது சனிக்கிழமை, யார் முறை? அவள் முறை. வேறு யாரைக் கேட்பது. முதல் தடவை கேட்டபோது, "சனிக்கிழமை மட்டும் ரெண்டு பக்கெட்டு வருதுக்கா. மத்தவங்களுக்கெல்லாம் அரை பக்கெட்டுன்னுதானே சொல்றாங்க?" என்று என்னிடமே வந்து கேட்டாள்.

"வேலை செய்யக் கஷ்டப்படுறவங்களுக்கு அரை பக்கெட்டும் ரெண்டு பக்கெட்டாத்தான் தெரியும்" என்றேன். நாலு பேர் சிரித்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

மூன்றாவது ஞாயிறு, மீட்டிங். தாதாவுக்கு மனசில்லை. "ஏக் மௌகா அவுர் தே தோ" என்றார். இன்னொரு வாய்ப்பு கொடுக்கலாமாம். நான் கேட்டில் தொங்கின அட்டையைக் காட்டினேன். மற்றவர்கள் தலையாட்டினார்கள். ஒவ்வொருவருக்கும் அவரவர் வெண்டைக்காய் கவலை.

அவள் வாயைத் திறந்தாள். "சனிக்கிழமை வர்றது சனிக்கிழமை நத்தை இல்லக்கா, அது..."

"நத்தைக்கு என்ன கிழமை?" என்றேன்.

மறுபடியும் சிரிப்பு. அவள் என்னை ஒரு தடவை நேராகப் பார்த்தாள். பிறகு மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கேட் வழியாகப் போனாள். அவள் பாத்தியில் கத்தரி அப்போதுதான் பிஞ்சு விட்டிருந்தது. காய்த்தபோது மிச்சம் இருந்த ஆறு வீடும் பங்கு போட்டுக்கொண்டோம். என் பங்கில் எண்ணெய்க் கத்தரிக்காய் வைத்தேன். நன்றாகவே இருந்தது.

அவள் போனதும் சனிக்கிழமை முறை யாருக்கு என்ற கேள்வி வந்தது. எல்லாரும் வேறெங்கோ பார்த்தார்கள். நீதானே அவ்வளவு பேசினாய் என்பதுபோல என் தலையில் விழுந்தது.

தீபாவளிக்கு முன்னால் என் கணவர் சமையலறைக்கு நீலப் பெயின்ட் அடித்தார். அந்த வெள்ளிக்கிழமை மங்கலில் கைக்கு அகப்பட்ட பக்கெட்டை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். வழக்கம்போலப் பொறுக்கினேன், சுவருக்கு மேலே கவிழ்த்தேன். வீட்டுக்கு வந்து கை கழுவும்போதுதான் விரலெல்லாம் நீலம். பக்கெட்டின் அடியில் பெயின்ட் காயாமல் கிடந்திருக்கிறது. பக்கெட்டைக் கழுவி வைக்கத் தெரியாதா என்று அவரைப் பிடித்துச் சத்தம் போட்டேன்.

மறுநாள் சாயங்காலம் உப்பும் பக்கெட்டுமாகப் போனேன். சனிக்கிழமை உப்பு எடுத்துப் போவதில் எனக்குத் தடையில்லை. அவளுடைய பழைய கத்தரிப் பாத்தியில் குனிந்தேன். ஒரு நத்தையின் ஓட்டில் நீலம் தீற்றியிருந்தது. ஏதோ பூவின் கறை என்று நினைத்தேன். பக்கத்தில் இன்னொன்று. சுவரைப் பார்த்தேன். ஓரத்தில் மேலும் இரண்டு, நீலத்தோடு, நிதானமாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தன.

எனக்கு முதலில் வெட்கம் வரவில்லை. யாராவது பார்ப்பதற்குள் இதுகளை உப்பில் போட்டு அழித்துவிட வேண்டும் என்றுதான் தோன்றியது. போட்டேன். கடைசி நீல நத்தை நுரைத்து அடங்கும்வரை அங்கேயே நின்றேன். அதற்குப் பிறகுதான், சனிக்கிழமை நத்தை இல்லக்கா என்று அவள் சொல்ல வந்தது ஞாபகத்துக்கு வந்தது.

விடிந்ததும் சுவரைச் சுற்றி அவள் வீட்டுக்குப் போனேன். இத்தனை நாளில் அதுதான் முதல் தடவை. அவள் வாசலில் உட்கார்ந்து ஒரு பழைய டின்னில் நத்தை பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தாள். டின்னிலும் நீலம் தெரிந்தது. அவள் நட்டிருந்த பச்சை மிளகாய்ச் செடிகளில் தண்டுதான் மிச்சம்.

"உனக்குத் தெரியுமா?" என்றேன். அதைவிட நல்ல வார்த்தை எனக்குக் கிடைக்கவில்லை.

"மொத வாரமே தெரியும். சுவத்துக்கு மேல உங்க கை தெரியும், வளையல் சத்தம் கேக்கும். இந்தப் பக்கம் விழுந்ததுல பாதிய நான் பொறுக்கிருவேன். மீதி ராவோட ராவா தோட்டத்துக்கே திரும்பிரும்."

"ஏன் சொல்லல?"

"சொல்ல வந்தேன் மேடம். நத்தைக்கு என்ன கிழமைன்னு கேட்டீங்க."

அக்கா போய் மேடம் வந்துவிட்டது. எனக்குக் கோபம் வந்தது, அவள்மேல்தான். கத்திச் சொல்லியிருக்கலாமே, என்னை அங்கேயே நாறடித்திருக்கலாமே என்று. அப்படிச் செய்திருந்தால் நான் விட்டிருக்க மாட்டேன் என்றும் எனக்குத் தெரியும்.

"உப்பு ஏன் போடல?" என்று கேட்டாள். வெள்ளிக்கிழமை விஷயத்தைச் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். டின்னைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அன்றைக்கே மீட்டிங்கில் எழுந்து எல்லாவற்றையும் சொன்னேன். நீல நத்தையை மறைத்ததைக்கூடச் சொன்னேன். யாராவது காறித் துப்புவார்கள் என்று எதிர்பார்த்தேன். முதலில் யாரோ சிரித்தார்கள், பிறகு எல்லாரும். "அரே தீதி, ஹோ ஜாதா ஹை. ஜானே தோ" என்றார் தாதா. இதெல்லாம் நடப்பதுதான் அக்கா, விடுங்கள் என்று. நான் அட்டையைக் காட்டி, "மூணு தடவைன்னா பாத்தி போகணும். நான் எத்தனை தடவை?" என்றேன். நீங்கள் போய்விட்டால் லிஸ்ட் யார் எழுதுவது என்று ஒருவர் கேட்டார். அதோடு முடிந்தது. அவளை அனுப்ப மூன்று வாரம் பேசினவர்கள், என்னை மன்னிக்க ஐந்து நிமிஷம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. அந்த மன்னிப்பு எனக்கு அருவருப்பாக இருந்தது. தாதா அவளைத் திரும்பக் கூப்பிடப் போனார். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டாளாம்.

அடுத்த வெள்ளிக்கிழமை வந்தது. நான் இந்தத் தடவை புத்திசாலித்தனமாக ஒரு வழி கண்டுபிடித்திருந்தேன். மூடி போட்ட பக்கெட். நத்தையைப் பொறுக்கி உள்ளே போட்டு மூடி, மேலே கல்லை வைத்துவிட்டால், விடிந்ததும் உப்பு போட்டுக்கொள்ளலாம். தோட்டமும் பிழைக்கும், வீட்டு உப்பும் வீட்டிலேயே இருக்கும். விளக்கேற்றிவிட்டு வந்து பாதி பொறுக்கியிருப்பேன். கேட் திறந்தது.

அவள் ஒரு உப்புப் பாக்கெட்டோடு வந்து நின்றாள். என் பக்கெட்டைப் பார்த்தாள், மூடியைப் பார்த்தாள், கல்லைப் பார்த்தாள். எதற்கு என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

"எங்க வீட்லயும் வெளக்கு ஏத்தியாச்சு மேடம்" என்றாள். "எங்கம்மாவும் அதேதான் சொல்லிக் கொடுத்துச்சு." பல்லால் பாக்கெட்டைக் கிழித்து, இருந்த உப்பு முழுவதையும் என் பக்கெட்டில் கொட்டினாள். பக்கத்தில் இருந்த வாளியிலிருந்து தண்ணீரை ஊற்றினாள்.

"லிஸ்ட்ல எம் பேர எழுதிருங்க. வெள்ளிக்கெழமைல எழுதுங்க. சனிக்கெழம நீங்க வாங்க."

அவள் காலிப் பாக்கெட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, மிச்சப் பாத்திகளில் குனிந்து பொறுக்க ஆரம்பித்தாள்.

அட்டையைப் பிரித்து, வேறு லிஸ்ட் டைப் அடித்து மாட்டினேன். இப்போது சனிக்கிழமை எனக்கு அரை பக்கெட்தான் வருகிறது. வெள்ளிக்கிழமைகளில் நான் விளக்கேற்றிக் கும்பிட்டு நிற்கும் நேரத்தில் அவள் தன் வீட்டு உப்பை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்கு வருகிறாள். என்னை இன்றைக்கும் மேடம் என்றுதான் கூப்பிடுகிறாள்.