மடிக்கணினிக்குப் பூக் கட்டிப் பார்த்தோம்

இதை எழுத வேண்டும் என்று நினைத்து நினைத்தே பல வருடங்கள் தள்ளிப்போட்டுவிட்டேன். ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். பள்ளிப் பேருந்து ஓட்டிப் பிழைத்தவன். எழுத்தில் தப்பு வரும் என்பது ஒரு தயக்கம். சாமி விஷயத்தைத் தப்பாக எழுதிவிடுவேனோ என்பது அதைவிடப் பெரிய தயக்கம். எங்கள் வீட்டில் தினமும் விளக்கேற்றிக் கும்பிட்ட பிறகுதான் காப்பியே. சாமியைக் குறைத்துச் சொல்லிவிட்டான் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அந்தப் பயம் இப்போதும் இருக்கிறது. இருந்தும் எழுதுகிறேன்.

எனக்குத் தொண்டையில் புற்றுநோய் வந்தது. கதிர்ச் சிகிச்சை கொடுத்தார்கள். அடங்கியது போல இருந்து, திரும்ப வந்துவிட்டது. குரல்வளையை முழுதாக எடுத்துவிட வேண்டும், எடுத்தால் பிழைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது, விட்டால் மூச்சை அடைத்துவிடும் என்றார் டாக்டர். கழுத்தில் ஒரு துளை போடுவார்களாம். அதன் பிறகு மூச்சு அந்தத் துளை வழியாகத்தானாம். தன் கழுத்திலேயே விரலை வைத்துக் காட்டினார். திங்கட்கிழமை வந்து முடிவைச் சொல்லுங்கள் என்றார். என் மனைவி தலையாட்டினாள். நான் ஆட்டவில்லை.

வெள்ளிக்கிழமை பஜனையில் முதல் அடியை எடுத்துக் கொடுப்பவன் நான். பேருந்தில் எழுந்து ஓடுகிற பிள்ளைகளைத் திரும்பாமலே ஓர் அதட்டலில் உட்கார வைப்பவன். குரல் போனால் நான் யார்? சாகிற நேரத்தில் சாமி பேரைச் சொல்ல வாய் இருக்கும், சத்தம் வராது. குளிக்கும்போது கழுத்தைக் கையால் பொத்திப் பார்ப்பேன். துளைக்குள் தண்ணீர் போய்விட்டால்? ஆபரேஷன் வேண்டாம், இருக்கிற வரை பாடிவிட்டுப் போகிறேன் என்று உள்ளுக்குள் பாதி முடிவு எடுத்திருந்தேன். மனைவியிடம் சொல்லவில்லை.

மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் அம்மையார் ஒருவர் இருந்தார். ஆபரேஷனுக்குப் பிறகு பேசப் பழகச் சில வழிகள் உண்டு, எல்லாருக்கும் எல்லாம் அமையாது என்றார். அதுவரை எழுத்தை அடித்தால் கம்ப்யூட்டர் வாசித்துச் சொல்லும், இப்போதே சொந்தக் குரலில் சில வார்த்தைகளைப் பதிந்து வைத்தால் தேவைப்படும்போது ஒரு தட்டுத் தட்டினால் போதும் என்றும் சொன்னார். என் மனைவி அதைப் பிடித்துக்கொண்டாள்.

“போனெல்லாம் உங்களுக்கு ஆகாது. ஒரு எழுத்தைத் தொட்டா மூணு எழுத்து வருது. விரல் வச்சு அடிக்கிற மாதிரி ஒரு சின்ன லேப்டாப் வாங்கிடுவோம்.”

ஊரின் மறுகோடியில், பொங்கோலில் இருக்கும் மகள் எந்தப் பெரிய கடைக்கும் போகலாம் என்றாள். என் மனைவி கேட்கவில்லை. தமிழில் கேட்டு வாங்க வேண்டும் என்று சனிக்கிழமை காலையில் எங்கள் வீடு இருக்கும் புக்கிட் பாத்தோக்கிலிருந்து ரயில் ஏற்றி, தமிழ்க் கடைகள் நிறைந்த தேக்காவுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

கடையில் ஒரு பெண் வந்து கேட்டாள். “அங்கிளுக்கு எதுக்கு வேணும்? ஆபிஸ் வேலையா, படம் பார்க்கவா?”

“பேச,” என்றாள் என் மனைவி.

“ஓ, வீடியோ காலா ஆண்டி?”

“இல்லம்மா. அவருக்குப் பதிலா அது பேசணும்.”

அந்தப் பெண்ணின் பார்வை என் கழுத்துக்கு இறங்கி, சட்டென்று விலகியது. அதன் பிறகு மெதுவாகப் பேசினாள். இரண்டு மடிக்கணினிகளை எடுத்து வைத்தாள். ஒன்று கறுப்பு. திரை பெரியது, எழுத்தும் பெரிதாகத் தெரியும், விலை குறைவு. ஆனால் கனம். மற்றது வெள்ளி நிறம். ஒரு கையில் பிடிக்கலாம், ஒரு தடவை சார்ஜ் போட்டால் நாள் முழுக்க வரும், மைக் தெளிவு. விலைதான் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு.

“கறுப்பே போதும்,” என்றேன். உண்மையில் எனக்கு இரண்டுமே வேண்டியிருக்கவில்லை.

“இதைத் தூக்கிட்டு வெளியே போவீங்களா? வீட்டுல வச்சிட்டுப் போய் நாலு பேர் நடுவுல ஊமையா நிப்பீங்க. அதோட, கருமாதிக்குப் போற மாதிரி இருக்கு அந்த நிறம்.”

“ஆண்டி, அது மேட் பிளாக் லா. இப்ப எல்லாரும் அதுதான் கேக்கறாங்க.”

“கேக்கட்டும். இவர் இதைக் கோயிலுக்கு எடுத்துட்டுப் போகணும். பார்க்க லட்சணமா இருக்க வேணாமா?”

ஆபரேஷன் எல்லாம் முடிந்து போனது போலவும், கழுத்தில் துளையோடு நான் கோயிலுக்குப் போய் வந்துகொண்டிருப்பது போலவும் பேசினாள். விலையைச் சொல்லித் தடுத்தேன். அவளுக்கும் அந்த விலை இடித்தது. யோசித்து வருகிறோம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தவள், பூக்கடையில் சிவப்பு ரோஜா ஒன்றும் வெள்ளை ரோஜா ஒன்றும் வாங்கினாள்.

“சாமிகிட்டயே கேட்டுடுவோம்.”

முடிவு தெரியாமல் தவிக்கும்போது இரண்டு நிறப் பூக்களைத் தனித்தனியாகப் பொட்டலம் கட்டி, சாமி முன் போட்டு, ஒன்றை எடுத்துப் பார்ப்பது எங்கள் பக்கத்து வழக்கம். மகளின் கல்யாணத்துக்கு அப்படித்தான் கேட்டோம். வீட்டுக்கு வந்ததும் முருகன் படத்துக்கு முன்னால் இரண்டு பொட்டலங்களையும் குலுக்கிப் போட்டாள்.

“வெள்ளை வந்தா சின்னது. சிவப்பு வந்தா கறுப்பு. உங்களுக்குத்தானே, நீங்களே எடுங்க.”

கண்ணை மூடினேன். மடிக்கணினி என் நினைவிலேயே இல்லை. ‘முருகா, ஆபரேஷன் செய்துகொள் என்றால் சிவப்பைக் கொடு. வேண்டாம் என்றால் வெள்ளையைக் கொடு.’ இதைத்தான் கேட்டேன். ஒரு பொட்டலத்தை எடுத்து அவளிடம் நீட்டினேன். அவள் பிரித்தாள்.

வெள்ளை.

“பார்த்தீங்களா! எனக்குத் தெரியும்,” என்று சிரித்தபடி அதைப் படத்துக்கு வைத்தாள். என் கேள்விக்கு அது ‘வேண்டாம்’ என்ற பதில். வேண்டாம் என்று பாதி நினைத்திருந்தவன்தானே, நிம்மதி வந்திருக்க வேண்டும் அல்லவா? வரவில்லை. சாமியே கைவிட்டுவிட்டது போல இருந்தது. மீறிப் போனால் கத்திக்கு அடியிலேயே போய்விடுவேன். போகாவிட்டால் மூச்சடைத்துப் போய்விடுவேன். உயிர் வாழத்தான் இவ்வளவு ஆசை வைத்திருக்கிறேன் என்பது அந்த வெள்ளைப் பூவைப் பார்த்த பிறகுதான் எனக்கே தெரிந்தது.

மறுநாள் அதே கடைக்குப் போனோம். அந்தப் பெண் வெள்ளி நிற மடிக்கணினியைத் திறந்து என் பக்கம் திருப்பினாள். “மைக் டெஸ்ட் பண்ணலாம் அங்கிள். எதாச்சும் பேசுங்க.”

“ஹலோ,” என்றேன்.

அது திரும்ப ஒலித்தது. நாற்காலியைத் தரையில் இழுப்பது போல ஒரு சத்தம். யாரோ கிழவன் என்று நினைத்தேன். பாடிவிட்டுப் போகிறேன் என்று எந்தக் குரலை நம்பி முடிவெடுத்தேனோ, அந்தக் குரல் ஏற்கெனவே போய்விட்டிருந்தது.

பணம் கட்டி வாங்கி வெளியே வந்ததும் கடைகளின் முன்னால் ஓடும் ஐந்தடிப் பாதையில் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். நான் என்ன கேட்டேன், என்ன வந்தது என்று அவளிடம் சொன்னேன். பையை மார்போடு அணைத்துக்கொண்டு கேட்டாள். பிறகு கோபம் வந்தது.

“பூக் கட்டினது யாரு?”

“நீ.”

“நான் என்ன கேட்டுக் கட்டினேன்? லேப்டாப். நடுவுல நீங்க வேற கேள்வியைச் சொருகினா, சாமி எதுக்குப் பதில் சொல்லும்? கட்டினவ கேட்டதுக்குத்தான் சொல்லும். வரிசையில பூந்து கேட்டாப் பதில் கிடைக்குமா?”

அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. “சரி, அப்ப ஆபரேஷனுக்குத் தனியா ஒரு தடவை கட்டு,” என்றேன்.

“மாட்டேன்.”

“ஏன்?”

சாலையில் போகிற வண்டிகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“வெள்ளை வந்தா நான் என்னங்க செய்வேன்?” என்றாள். “லேப்டாப்னா எது வந்தாலும் தாங்கிக்குவேன். அதான் அதுக்கு மட்டும் கேட்டேன். இதை நான் சாமிகிட்டக்கூடக் கேக்க மாட்டேன். நீங்க இருக்கணும். அவ்வளவுதான்.”

இரண்டு நாளாகக் கடையில் விலை விசாரித்துக்கொண்டு தைரியமாகத் திரிந்தவள் என்று நினைத்திருந்தேன். என்னைவிட அதிகமாகப் பயந்துபோயிருந்திருக்கிறாள்.

திங்கட்கிழமை டாக்டரிடம் சரி என்றேன். பயம் போகவில்லை. பயத்தோடே கையெழுத்துப் போட்டேன். ஆபரேஷனுக்கு முன்னால் இருந்த நாட்களில், மகள் வந்து சொல்லிக்கொடுத்தபடி வார்த்தைகளைப் பதிந்தோம். தண்ணி. வலிக்குது. போதும். மூச்சு முட்டுது. “காப்பி நல்லா இருக்குன்னு ஒண்ணு போடுங்க,” என்றாள் மனைவி. “வாய் இருந்தப்பத்தான் சொல்லல, இனிமேலாச்சும் கேட்டுக்கறேன்.” பதிந்தேன். ஆபரேஷன் அறையில், விளக்குக்கு அடியில் படுக்க வைத்தார்கள். முருகா என்றேன். என் குரலில் வந்த கடைசிச் சொல் அது.

பிழைத்தேன். கோயிலில் மடியில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு உட்காருகிறேன். பஜனையில் வேறொருவர் எடுத்துக் கொடுக்கிறார், நான் உதட்டை அசைக்கிறேன்.

ஆனால் என்னைப் பற்றிக் கோயிலில் வேறு கதை ஒன்று சுற்றுகிறது. பூ உத்தரவு கேட்டேனாம், சிவப்பு வந்ததாம், அதனால்தான் பிழைத்தேனாம். போன மாதம் ஒருவர் என்னிடம் வந்தார். அவருக்கும் தொண்டையில் கட்டி. எனக்கு நடந்தது போல நல்ல பூ வரட்டும் என்று காத்துக்கொண்டு, டாக்டரிடம் போவதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறாராம். மடிக்கணினியைத் திறந்தேன், அவசரத்தில் எழுத்துகள் தப்புத் தப்பாக விழுந்தன. முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள் அவர் என் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். அன்றிலிருந்து எனக்கு வேறு பயம்.

அதனால் இதைப் படிக்கிறவர்களைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். யாருக்காவது சொல்வதாக இருந்தால் இப்படியே சொல்லுங்கள். என் மேல் உள்ள அன்பில் ஒன்றையும் கூட்ட வேண்டாம், சாமி மேல் உள்ள பக்தியில் ஒன்றையும் மறைக்க வேண்டாம். வந்தது வெள்ளைப் பூ. வெள்ளை என்றே சொல்லுங்கள்.