மூன்று பூட்டும் ஒரு சைக்கிளும்

மாதாப்பூர் மெட்ரோ வாசலில் போன வாரம் என் மகள் ஒரு வாடகை சைக்கிளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். போனைக் காட்டினால் திறக்க வேண்டிய பூட்டு திறக்கவில்லை. எனக்குத்தான் பொறுமை ஏது? பின்பக்கத்தைப் பிடித்துத் தூக்கிவிட்டேன். "நக்கோ மா, தூக்காதே!" என்று அவள் கத்துவதற்குள் சைக்கிள் வீறிட்டு அலறியது. பயந்துபோய்க் கீழே வைத்தேன். கையெல்லாம் கிரீஸ் வாடை. அது போதாதா, மனசு நான் வளர்ந்த மெட்டுகுடாவுக்கு ஓட?

அங்கே ரயில்வே குவார்ட்டர்ஸில் நாங்கள், மாடி வீட்டு சரோஜா ஆன்ட்டி, எதிர்வீட்டு ஷமீம் ஆன்ட்டி என மூன்று குடும்பம் சேர்ந்து ஒரு லேடீஸ் சைக்கிளை மாத வாடகைக்கு எடுத்திருந்தோம். திருட்டு பயம் உண்டு. ஒரே பூட்டுக்கு மூன்று சாவி என்றால் கட்டாயம் ஒன்று தொலையும் என்றாள் அம்மா. அதற்கு அவளே ஒரு வழியும் கண்டுபிடித்தாள். பின்சக்கரத்தைச் சுற்றி ஒரு சங்கிலி. அதன் இரண்டு முனைக்கும் நடுவே, ஒன்றில் ஒன்று கோத்த மூன்று பூட்டுகள். யார் தன் பூட்டைத் திறந்தாலும் சங்கிலி கழன்றுவிடும். என் அம்மாவின் மூளை அப்படி! இதைச் சொல்லும்போது எனக்கு இன்றைக்கும் பெருமை தாங்காது.

இன்டர், அதாவது ப்ளஸ் டூ, கெமிஸ்ட்ரி பரீட்சை அன்று காலையில் எங்கள் பூட்டைத் திறக்கிறேன், சங்கிலி அசையவே இல்லை. முந்தின நாள் ஷமீம் ஆன்ட்டி அவசரத்தில் மற்ற இரண்டு பூட்டையும் தொங்க விட்டுவிட்டு, தன் பூட்டை மட்டும் இரண்டு முனையிலும் சேர்த்துப் போட்டிருக்கிறார். அவரோ சாவியோடு மார்க்கெட்டுக்குப் போய்விட்டார். மணி அடித்ததும் காலேஜ் கேட்டைச் சாத்திவிடுவார்கள். ஒரு வருஷப் படிப்பு போச்சு! நான் ஓவென்று அழுதேன்.

"ஏட்டி, அழுகைய நிறுத்து. நீ ஹேண்டில புடி, நான் பின்னால தூக்குதேன். காலேஜ் போற வழிலதான மார்க்கெட்டு? அவள அங்கனயே புடிச்சிரலாம்."

அம்மா தூக்க, முன்சக்கரம் உருள, ஓடினோம். மார்க்கெட் முனையில் வெங்காயக்காரர் ஒருவர் குறுக்கே பாய்ந்தார். "கிஸ்கி சைக்கிள்? கைக்கு உட்டாரே?" யாருடையது, எதற்குத் தூக்குகிறீர்கள் என்று அதட்டல். டீக்கடை, பூக்கடை எல்லாம் எங்களைச் சுற்றிக்கொண்டன. அம்மா தமிழும் தெலுங்கும் கலந்து கத்தினாள். யார் கேட்டார்கள்? அந்தச் சத்தத்தில்தான் ஷமீம் ஆன்ட்டி காய்கறிப் பையோடு கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்து, "ஹவ், ஹமாரீச் சைக்கிள்! சோடோ!" என்று ஒரு போடு போட்டார். எங்களுடையதுதான், விடு என்று.

பூட்டு திறந்ததும் அந்த வெங்காயக்காரரே முன்னால் ஓடி எனக்கு வழி விலக்கினார். மணி அடிக்கும்போது நான் ஹாலுக்குள் இருந்தேன்.

பரீட்சையில் என்ன எழுதினேன் என்பது மறந்துவிட்டது. எங்களையே திருடிகளாக்கிய அந்த மார்க்கெட்டை நினைத்தால் மட்டும் இப்போதும் நெஞ்சு நிமிர்கிறது. கடைசிவரை எங்கள் சைக்கிள் களவு போகவில்லை. எல்லாம் தன் பூட்டால்தான் என்பாள் அம்மா. நான் வாதாடியதில்லை.

மாதாப்பூரில் அலாரம் ஓயாமல் அலறியது. கழுத்தில் அடையாள அட்டை தொங்க, எத்தனையோ பேர் எங்களைத் தாண்டிப் போனார்கள். பூட்டிய சைக்கிளைத் தூக்கியவளை நிறுத்தி, யாருடையது என்று ஒருத்தர் கேட்க வேண்டுமே! நான் பதிலோடு நின்றுகொண்டிருந்தேன்.