அக்கா சாய்ந்த பெஞ்சு வேண்டாமாம்

சுலோச்சனா அக்கா போய்விட்டார். நேற்று மதியம்... ஷெட்டிலேயே.

அரக்கோணம் ரோட்டில் தகர ஷெட் போட்டு, பழைய கட்டில், பீரோ, மேசையெல்லாம் புதுசாக்கிக் கொடுப்பாரே, அந்த அக்காதான். நான் அவரோடு வேலை செய்தவள். உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது நான், பெயிண்ட் அவர்.

டீ வாங்கப் போய்த் திரும்பினேன். அக்கா பெஞ்சில் சாய்ந்திருந்தார். வெயிலுக்குக் கண் அசந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

"டீ ஆறுது, எந்திரிக்கா" என்று சத்தம் போட்டேன். கையைத் தொட்ட பிறகுதான் தெரிந்தது...

இன்று காலையில் எடுத்தாகிவிட்டது. போனைத் திறந்தால் எத்தனை பூ, எத்தனை கும்பிடு! அவர் செய்து கொடுத்த ஊஞ்சல், ஷூ ரேக் போட்டோவெல்லாம் போட்டு "எங்கள் ஊர்க் கலைஞர்" என்கிறீர்கள்.

சந்தோஷம். ஆனால் உயிரோடு இருந்தபோது அவருக்கு நீங்கள் வைத்த பேர் அது இல்லையே. "சாவுக்கட்டில்காரி" என்பதுதானே பேர்?

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கம் ஆள் செத்த கட்டிலை வீட்டில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். காரியம் முடிந்ததும் தெருவில் போட்டுவிடுவார்கள். நல்ல தேக்கு மரம் மழையில் கிடந்து ஊறும்.

அக்கா போய்க் கேட்டு எடுத்து வருவார். கால்களை அறுத்துக் குட்டையாக்கி, தலைமாட்டுப் பலகையைச் சாய்மானமாக வைத்து, பெஞ்சாக்கிவிடுவார். போனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்ட வேலை.

வாங்க வருகிறவர்களிடம் அதை மறைக்கவும் மாட்டார். எனக்கு அதுதான் ஆத்திரம்.

ஒருமுறை ஆர்.கே.பேட்டையிலிருந்து ஒரு புருஷன் பெண்டாட்டி வந்தார்கள். பெஞ்சில் உட்கார்ந்து பார்த்து, தடவிப் பார்த்து, டெம்போவுக்கும் சொல்லிவிட்டார்கள். அந்த நேரம் பார்த்து அக்கா, "இது ஒரு பெரியவரு செத்த கட்டில்ங்க. நல்ல மனுசன்" என்றார்.

அந்த அம்மா எழுந்த வேகம் இருக்கிறதே... புடவையை உதறிக்கொண்டே போனார்.

"உன்ன யாருக்கா கேட்டா? வாய வெச்சிகினு சும்மா இருக்க மாட்டியா?"

"சொல்லாம குடுத்தா, நாளைக்கு எவனாவது சொல்லுவான். திரும்பவும் தெருவுல போடுவாங்க. ஒரு தபா போட்டது போதாதாடி?"

இன்னொரு நாள் அம்மையார்குப்பத்திலிருந்து ஒரு பெண் வந்தார். நீல பெயிண்ட் அடித்த பெஞ்சைச் சுற்றிச் சுற்றி வந்தார். அடியில் கொசுவத்தி சுட்ட வடு ஒன்று இருந்தது. அதைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"இது எங்க நைனா கட்டிலுங்க... எங்க அண்ணனுங்க வெளிய போட்டாங்களே, அது."

அழுதார். வாங்கிக்கொண்டார். வண்டி ஏறும்போது அக்கா காதில், "இது நைனா கட்டில்னு எங்க வூட்ல யாருக்கும் தெரிய வேணாம்ங்க" என்றார்.

வண்டி போனதும் அக்கா சிரித்த சிரிப்பு... "பெயிண்ட் அடிச்சாத்தான் நைனாவையே உள்ள வுடுவாங்க போலடி!"

இப்படி ஓடிப் போனவர்களையும் ஒளித்துக் கொண்டு போனவர்களையும்தான் பார்த்திருக்கிறோம். ஒரே ஒரு மேடம் மட்டும் வேறு மாதிரி. புது வீட்டுக்குப் பெஞ்சு கேட்டு வந்தார். அக்கா வழக்கம்போல உண்மையைச் சொன்னார்.

"அதனால என்னங்க? மரம்தானே" என்றார் அந்த மேடம்.

அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. டீக்கடைக்காரர், டெம்போக்காரர், மலைக்குப் போகிற காவடிக்காரர்கள்... ஒருவரையும் விடாமல் சொன்னார். "மரம்தானேன்னாங்கடி!" என்று அவர் சொல்லாத நாள் இல்லை. எந்தப் பச்சை, எந்த இலை டிசைன் என்று போனை நோண்டிக்கொண்டே இருப்பார்.

முந்தாநாள் முதல் கோட் அடித்த அந்தப் பெஞ்சில்தான் நேற்று சாய்ந்தார்.

காலையில் அந்த மேடமும் பதிவு போட்டிருந்தார். நல்ல பதிவு. நிறைய பேர் அழுதிருந்தார்கள். அக்காவை எடுத்த கொஞ்ச நேரத்தில் எனக்கு போன் வந்தது.

"தப்பா நினைக்காதீங்க... அந்த பெஞ்சு வேணாம்ங்க. கிரகப்பிரவேசம் வருது."

"மரம்தானேன்னு சொன்னீங்களே மேடம்."

"அது எப்பவோ செத்தவங்க, யாரோங்க. இது நேத்து இல்லையா..."

அப்புறம் லைன் கட்.

ஷெட் போட்டிருக்கும் இடத்துக்குச் சொந்தக்காரர் இன்றைக்கே காலி பண்ணச் சொல்கிறார். அக்காவின் தம்பி வந்து பார்த்தார். "எல்லாத்தையும் ஒடச்சி வெந்நி அடுப்புக்குப் போடு" என்றார். அவர் வீட்டு டிவி ஸ்டாண்டு யார் செய்தது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

ஆர்டர் கொடுத்தவர்கள் எல்லோருக்கும் போன் போட்டேன். பாதிப் பேர் எடுக்கவில்லை. எடுத்தவர்கள், "பார்க்கலாம்மா" என்றார்கள். அவர்களும் பூ போட்டவர்கள்தான்.

உங்கள் சாமான்கள் இப்போது என் வீட்டு வாசலில் இருக்கின்றன. மழை வந்தால் நனையும். பூ போட்ட கையோடு வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

பெஞ்சை மட்டும் உள்ளே தூக்கி வந்துவிட்டேன்.

"இன்னாமே இது?" என்றார் என் வீட்டுக்காரர்.

"சுலோச்சனாக்கா சாஞ்ச பெஞ்சு. குந்தி துன்றியா?"

சோற்றுத் தட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

போகட்டும்.

அக்கா... முதல் கோட் நன்றாகக் காய்ந்திருக்கிறது. இரண்டாவது கோட் நான் அடித்துக்கொள்கிறேன். நீ படுத்துக்கோ.